காணாமல் போன அரைமணி நேரம்

அன்புள்ள அக்கா,

பள்ளி விடுமுறையில் என் பன்னிரண்டு வயது மகளுடன் 'பேக் டு த ஃபியூச்சர்' என்ற காலப்பயணப் படம் பார்த்தேன். அதில் மார்ட்டி என்ற பையன் ஒரு காரில் காலத்தில் பின்னே போய், தன் அப்பாவும் அம்மாவும் சேர்வதையே குழப்பிவிடுகிறான். படம் முடிந்ததும் கேட்டாள்: "அப்பாவும் அம்மாவும் சேராமல் போனால் மார்ட்டி பிறந்திருக்கவே மாட்டான். பிறக்காதவன் எப்படிப் பின்னால் போய் அவர்களைக் குழப்பினான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. சினிமாவில் லாஜிக் பார்க்காதே என்று மனைவி சொன்னார். மகளுக்குச் சமாதானமில்லை. இப்படி ஓட்டை தேடுவது ரசனையைக் கெடுக்குமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. முதலில் அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். பேரன் காலத்தில் பின்னே போய், கல்யாணமாகாத தாத்தாவைக் கொன்றுவிட்டால் பேரன் ஏது, கொன்றவன் யார் என்று பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். தாத்தா முரண் என்பது அதற்குப் பெயர். உங்கள் மகள் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

லாஜிக் பார்க்காதே என்பதை நான் ஏற்கமாட்டேன். யந்திரம் எப்படி ஓடுகிறது என்ற கேள்வியை வேண்டுமானால் விடலாம். கார் மணிக்கு 88 மைல் வேகத்தைத் தொட்டால் காலத்தைத் தாண்டும் என்கிறார்கள். சரி, தாண்டட்டும். தாண்டிய பிறகு எதைச் செய்தால் எது நடக்கும் என்பதில் மட்டும் கதை ஒரே பேச்சில் நிற்க வேண்டும்.

1985-இல் வந்த இந்தப் படம் சில இடங்களில் அதை அருமையாகச் செய்கிறது. மார்ட்டி கிளம்பும் பேரங்காடியின் பெயர் 'இரட்டைப் பைன்'. 1955-இல் போய் இறங்கியதும் அவன் கார் ஒரு பைன் கன்றை முட்டிச் சாய்க்கிறது. திரும்பி வரும்போது பெயர்ப்பலகையில் 'ஒற்றைப் பைன்' என்றிருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மகளோடு அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒரு மரத்துக்குக்கூட இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்தவர்கள், மார்ட்டி கையிலிருக்கும் குடும்பப் புகைப்படத்தில் மட்டும் அவன் அண்ணன் தலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைவதாகக் காட்டுகிறார்கள். பிறக்காதவன் படத்தில் கொஞ்சம்கூட இருக்கக்கூடாது அல்லவா? ஆனாலும் அதை நான் மன்னித்துவிடுவேன். ஆபத்து நெருங்குவதைக் கண்ணுக்குக் காட்ட அவர்களுக்கு ஒரு கடிகாரம் வேண்டியிருந்தது.

என்னை உறுத்துவது முடிவுதான். மார்ட்டி தான் கிளம்பிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே 1985-க்குத் திரும்பி வந்து இறங்குகிறான். அவன் கண்ணெதிரே இன்னொரு மார்ட்டி 1955-க்குக் கிளம்பிப் போகிறான். மறுநாள் பார்த்தால் அப்பா நிமிர்ந்து நடக்கிறார், அம்மா மலர்ந்திருக்கிறாள், வீடே வேறாக இருக்கிறது. அப்படியானால் அந்த நல்ல வீட்டில் பதினேழு வருடம் வளர்ந்தவன் கிளம்பிப் போன பையன் அல்லவா? அவன் என்ன ஆனான்? அந்தத் தாய் தூக்கி வளர்த்தது ஒருவனை, இப்போது சாப்பாடு போடுவது வேறொருவனுக்கு. படம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஓட்டை என்பது இதுதான். விளைவைத் தாங்க வேண்டிய ஒரு மனிதனையே கதை மறந்துவிடுகிறது.

ஓட்டையில்லாமல் எழுத வழி உண்டு. போகிறவன் என்ன செய்தாலும் அது முன்பே நடந்ததாகவே இருக்கும், எதுவும் மாறாது என்று வைக்கலாம். இகோர் நோவிகோவ் என்ற ரஷ்ய இயற்பியலாளர் முன்வைத்த கருத்தும் இதை ஒட்டியதுதான். இல்லையென்றால் மாற்றும்போதெல்லாம் காலம் கிளை பிரியும் என்று வைக்கலாம். எதை எடுத்தாலும் நடுவில் மாற்றக்கூடாது. 2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' பழையதை மாற்றினால் இன்றையது மாறாது என்று அழுத்திச் சொல்லிவிட்டு, கடைசியில் பழைய காலத்திலேயே தங்கிக் கிழவராகிவிட்ட நாயகன் கேப்டன் அமெரிக்காவைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தது. அவர் எந்த வழியாக அங்கே வந்தார் என்பதற்குக் கதாசிரியர்கள் ஒன்று சொன்னார்கள், இயக்குநர்கள் வேறொன்று சொன்னார்கள்.

தமிழில் 'இன்று நேற்று நாளை' (2015) எனக்குப் பிடிக்கும். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்க யந்திரத்தை எடுத்தவர்கள், அறியாமல் ஒரு ரவுடியின் சாவைத் தடுத்துவிடுகிறார்கள். அவன் இன்றைக்கும் உயிரோடு வந்து நிற்கிறான். விளையாட்டாகச் செய்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க்கதை ஒன்றும் சொல்கிறேன். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் சிங்கப்பூர்க் கடிகாரங்கள் நேராக 12 மணிக்குப் போய்விட்டன. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தது, நாமும் கூடவே மாற்றிக்கொண்டோம். அன்று என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை ஷிஃப்ட். கடிகாரப்படி எட்டு மணி நேரம், உடம்புக்கு ஏழரைதான். அந்த அரைமணிக்குரிய மூட்டைகள் கப்பலிலேயே கிடந்தன, காலையில் வந்தவர்கள் இறக்கினார்கள் என்பார். முள் தாவிவிட்டது. மூட்டை தாவவில்லை. காலப்பயணக் கதை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மூட்டைகள்தான் நினைவுக்கு வரும்.

உங்கள் மகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவன் யந்திரத்தில் 'சிங்கப்பூர், 1981 டிசம்பர் 31, இரவு 11.45' என்று போட்டால் எங்கே போய் இறங்குவான்? அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா