எட்டு அங்குலத் தொலைநோக்கியில் இளம் சிறுகோள் குடும்பத்தை ஆராய முடியுமா?

கேள்வி: கடலூரில் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். கரின் சிறுகோள் குடும்பத்தின் வயதைப் பொலிவு அளவீடுகளால் கணிப்பது என் ஆய்வேட்டுத் தலைப்பு. கல்லூரியில் எட்டு அங்குலத் தொலைநோக்கியும் சி.சி.டி. கேமராவும் உள்ளன. புதுச்சேரியில் ஒரு நிறுவனம், பணம் கட்டினால் தரவும் சான்றிதழும் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், தலைப்பையும் வழிகாட்டியிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே மோதலில் சிதறிய துண்டுகளின் சுற்றுப்பாதைகளைக் கணினியில் பின்னோக்கி ஓட்டி, அவை எப்போது ஒருங்கிணைகின்றன என்று பார்த்துத்தான் கரின் குடும்பத்தின் வயது ஏறத்தாழ 58 லட்சம் ஆண்டுகள் என்று கண்டார்கள். பொலிவு ஏறி இறங்குவதிலிருந்து தெரிவது, அந்தத் துண்டு தன்னைத்தானே சுற்றும் காலமும், ஓரளவு அதன் வடிவமும், பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால் அச்சின் சாய்வும் மட்டுமே.

குடும்பத்துக்குப் பெயர் தந்த கரின் சிறுகோள் ஒருமுறை சுழல 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கடலூரின் ஓர் இரவில் முழுச் சுழற்சி ஒன்றும் தேறாது. அதற்குப் பதிலாக டட்டூரா என்ற சிறுகோளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குடும்பம் சுமார் 5 லட்சம் ஆண்டுகளே ஆனது. அது சுமார் 3.4 மணி நேரத்தில் ஒருமுறை சுழல்கிறது. சூரியனுக்கு எதிர்த்திசையில் வரும் காலத்தில் உங்கள் கருவிக்கு அது எட்டக்கூடும். மற்ற உறுப்பினர்கள் மிக மங்கலானவர்கள்; அவர்களுக்குக் காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி போன்றதுதான் வேண்டும்.

ஒரே படத்திலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டே அளவிடுங்கள். கடற்கரை மூட்டத்தால் வரும் மங்கல் பெரும்பாலும் அதில் அடிபட்டுப் போகும். சிறுகோள் நகரும்போது பின்னணி விண்மீனொன்றின் மேல் ஏறினால் ஒளி வளைவில், அதாவது நேரத்தோடு பொலிவு மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், பொய்யான மேடு எழும். அந்தப் புள்ளிகளை நீக்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு தொடங்குவது நல்லது.

நீள்வடிவப் பாறை ஒரு சுழற்சியில் இருமுறை அகன்ற பக்கத்தைக் காட்டுவதால், இரண்டு உச்சிகள் சேர்ந்தால் ஒரு சுழற்சி என்று எண்ணுவது வழக்கம். ஆனால் ஏற்ற இறக்கம் மிகச் சிறிதாக இருந்தால், குறிப்பாக 0.1 பொலிவெண் (வானியலில் பொலிவை அளக்கும் அலகு) அளவில், இந்த வழக்கத்தை நம்பக் கூடாது. உருண்டையான பாறையில் ஓர் உச்சியோ மூன்றோ வரலாம். அச்சு நம் பக்கம் நோக்கியிருந்தால் நீண்ட பாறையும் அப்படியே தோன்றும். மென்பொருள் காட்டும் முதல் விடையை அப்படியே எழுதிவிடாமல், அதன் பாதியையும் இரட்டிப்பையும் சோதியுங்கள்.

இனி அந்த நிறுவனம். ஒவ்வொரு மூலப் படத்தையும் நேரக்குறிப்போடும், அதற்குரிய டார்க் (ஒளி படாமல் எடுத்தது), ஃப்ளாட் (சீரான ஒளியில் எடுத்தது) எனும் திருத்தப் படங்களோடும் தருவார்களா என்று கேளுங்கள், மழுப்பினால் விலகுங்கள். சிறுகோள்களின் ஒளி வளைவுத் தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிறுகோளுக்கு உங்கள் பெயரை வைத்துத் தருகிறோம் என்றால் அது மோசடி. கண்டறிந்தவர் முன்மொழிந்து பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்கும் பெயரே செல்லும், அது விற்பனைக்கில்லை. காகிதத்தை எண்ணி மதிப்பெண் போடும் முறை இருக்கும்வரை இவர்களுக்கு வியாபாரம் குறையாது. உங்கள் வழிகாட்டியும் சான்றிதழ் கேட்டால், நேரக்குறிப்போடு கூடிய உங்கள் சொந்தப் படங்களை முன்னால் வையுங்கள்.