இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழும்?

'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு இத்தாலியில் 'பார்லனோ'. கடைசிக்கு முந்தைய அசையை அழுத்தி 'பர்லானோ' என்று சொல்வது, புதிதாகப் படிப்பவர்கள் பலரும் செய்யும் தவறு. சரியான உச்சரிப்பு பார்-ல-னொ. முதல் அசையில்தான் அழுத்தம்.

அசையழுத்தம் என்றால் ஒரு சொல்லின் அசைகளில் ஒன்றை மட்டும் சற்றுப் பலமாகவும் நீட்டியும் சொல்வது. தமிழில் இது பொருளை மாற்றாது என்பதால் நம் காதுக்கு எளிதில் பிடிபடாது.

காரணம் லத்தீனில் இருக்கிறது. 'நேசிக்கிறார்கள்' என்பது அங்கே 'அமன்த்', இரண்டே அசை. அழுத்தம் முதல் அசையில். காலப்போக்கில் கடைசி 'த்' உதிர்ந்து, பின்னால் ஓர் 'ஒ' ஒட்டிக்கொண்டது. இன்று 'ஆ-ம-னொ', மூன்று அசை. ரயிலின் வாலில் ஒரு பெட்டியைக் கோத்தால் இன்ஜினா இடம் மாறப்போகிறது? அழுத்தமும் அப்படித்தான், இருந்த இடத்திலேயே நிற்கிறது.

ஆகவே ஒருமையைக் கவனித்தால் போதும். 'தொலைபேசுகிறான்' என்பது தெ-லே-ஃபொ-ன. பன்மை தெ-லே-ஃபொ-ன-னொ: அழுத்தத்துக்குப் பிறகு மூன்று அசைகள்! எனக்கே இது வாயில் படிய நாளாயிற்று. ஆனால் 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் அழுத்தம் விகுதிக்குத் தாவிவிடும்: பர்-லியா-மொ, பர்-லா-தெ.

அழுத்தத்தை எழுத்திலேயே குறித்திருப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அழுத்தம் கடைசி அசையில் விழும்போது மட்டுமே, 'பேசினான்' என்ற 'பர்லோ'வில் போல, உயிரெழுத்தின் மேல் கட்டாயமாகக் கோடு போடுவார்கள்.