களை விரிப்பைத் துளைத்து வரும் கோரை

நண்பரே, காட்பாடி வீட்டில் கத்தரிச் செடிகளுக்கு இடையே களையைத் தடுக்கக் கறுப்பு விரிப்பு போட்டும் கோரைப்புல் அதைக் குத்திக்கொண்டு வருகிறது என்கிறீர்கள். விரிப்பைக் குறை சொல்ல வேண்டாம். கோரையின் முளை ஊசிபோலக் கூர்மையானது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு அதற்குத் தொடர்ந்து தீனி போடுகிறது. மேலே தெரியும் புல்லை மட்டும் பிடுங்கினால் கிழங்கு மறுபடி துளிர்க்கும்.

விரிப்பை எடுத்துவிடுங்கள். மழையில் மண் இளகியதும், செடிகளின் வேர் அறுபடாமல் களைக்கொத்தால் ஆழமாகக் கிளறி, கிழங்குகளைப் பொறுக்குங்கள். ஒரே முறையில் தீராது. புது முளை தலைகாட்டும்போதெல்லாம் தோண்டுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்!

பிறகு, காய்ந்த வேர்க்கடலைத் தோலைக் கனமாகப் பரப்புங்கள். நம் வட ஆற்காட்டில் அதற்கா பஞ்சம்? வெயிலில் ஈரம் காக்கும், மட்கி உரமாகும், விதையில் முளைக்கும் சில்லறைக் களைகளையும் அடக்கும். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், அழுகும். எடுத்த விரிப்பு, கோரை இல்லாத நடைபாதையில் ஜல்லிக்கு அடியில் நன்றாக உதவும்.