வாசகர் கேள்விகள்: ஹவாய் எழுதிக் கொடுத்த நாடு அல்ல

கே: ஹவாய்த் தீவுகள் தாங்களாகவே விரும்பித்தான் அமெரிக்காவோடு சேர்ந்தன, 1959-ல் வாக்கெடுப்பே நடந்தது என்கிறார் என் நண்பர். சரியா?

ப: வாக்கெடுப்பு நடந்தது உண்மை. ஆனால் மாநிலமாகச் சேரலாமா, வேண்டாமா என்பது மட்டும்தான் அதில் கேள்வி. வேண்டாம் என்றாலும் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியாகவே நீடிக்க வேண்டியதுதான். தனி நாடு என்ற வழி வாக்குச்சீட்டில் இல்லை. அதற்குள் ஹவாய் மக்கள், அதாவது அந்தத் தீவுகளின் பூர்வகுடிகள், சொந்த மண்ணில் சிறுபான்மை ஆகியிருந்தார்கள். உங்கள் நண்பரை 1893-லிருந்து படித்துவரச் சொல்லுங்கள்.

அப்போது ஹவாய், உலக நாடுகள் பலவற்றோடு ஒப்பந்தம் செய்திருந்த ஒரு முடியரசு. லிலியுவோகலானி அரசி. 1887-ல் அவர் அண்ணன் கலாகவுவா மன்னரை மிரட்டி ஓர் அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது மன்னரின் அதிகாரத்தைப் பறித்தது. சொத்தும் வருமானமும் இல்லாத ஹவாய் மக்களின் வாக்குரிமையையும் பெருமளவு பறித்தது. அதை மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவர அரசி முயன்றார். கரும்புத் தோட்டங்களோடும் வணிகத்தோடும் பிணைந்த ஒரு சிறு கூட்டம் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டது. ஜனவரி 16 அன்று 'பாஸ்டன்' போர்க்கப்பலிலிருந்து 160-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் ஹொனலுலுவில் இறங்கினார்கள். மறுநாள், ரத்தம் சிந்த வேண்டாம் என்று அரசி எதிர்ப்பை எழுத்தில் பதிந்துவிட்டு விலகினார். 1895-ல் அவருடைய இயோலானி அரண்மனையிலேயே ஓர் அறையில் அவரைச் சிறைவைத்தார்கள். அங்கே அவர் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை இன்றும் அந்த அரண்மனையில் இருக்கிறது. ஹவாய்க் கொடிகளும் தேதிகளும் அதில் பூவேலையாக உள்ளன. என் பார்வையில் அதுவும் ஓர் அரசியல் ஆவணம்தான்.

அடுத்ததுதான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது. 1897-ல் இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட்டுக்குப் போனபோது, ஆண்களும் பெண்களும் தனித்தனிச் சங்கங்களாகத் தீவு தீவாகப் போய்க் கையெழுத்துத் திரட்டினார்கள். இணைப்பு வேண்டாம் என்று 21,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஹவாய்ப் பூர்வகுடிகளின் மொத்தத் தொகையே அப்போது ஏறக்குறைய 40,000. பிரதிநிதிகள் மனுவை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் ஒப்பந்தம் நின்றுபோனது. 1898-ல் ஸ்பெயினோடு போர் வந்ததும், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ஒரு கூட்டுத் தீர்மானத்தின் வழியாக இணைத்துவிட்டார்கள். அந்த மனு ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. 1996-ல் நோயெநோயெ சில்வா என்ற ஹவாய் ஆய்வாளர் அதைத் தேடி எடுத்த பிறகுதான் பலர் தங்கள் முன்னோரின் பெயரை அதில் பார்த்தார்கள். தாத்தா பாட்டி எதிர்த்தார்கள் என்பதே அதுவரை வீட்டில் பலருக்குத் தெரியாது. விரும்பிச் சேர்ந்தார்கள் என்று இனியும் சொல்வது அந்தக் கையெழுத்துகளை மறுபடியும் பூட்டிவைப்பது.

கே: பழைய ஹவாய் மதத்தை அழித்தது மிஷனரிகள்தானே?

ப: முழுக்க அப்படி இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது என்பது போன்ற 'கபு' விதிகளை 1819-லேயே இளம் மன்னரும் காஅஹுமானு அரசியும் முறித்துவிட்டார்கள். மிஷனரிகள் வந்தது 1820-ல். 1778-ல் கேப்டன் குக் வந்த பிறகு பரவிய நோய்கள் மக்களை வாரிக்கொண்டு போனதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நம்பிக்கை ஆட்டம் கண்டது புரியும். மிஷனரிகள் எழுத்துமுறை தந்தார்கள், ஹூலா நடனத்தைப் பாவம் என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மை.

கே: நிலம் எப்படிக் கைமாறியது?

ப: காகிதத்தால். 1848-ல் நிலத்தை மன்னர், தலைவர்கள், அரசு என்று பங்கிட்டார்கள். வெளிநாட்டார் படையெடுத்தாலும் தனியுரிமை மிஞ்சட்டும் என்ற நல்லெண்ணம் மன்னருக்கு இருந்தது. 1850-ல் வெளிநாட்டாரும் நிலம் வாங்கலாம் என்றானது. உழுத குடியானவர்கள் விண்ணப்பம், சாட்சி, அளவை என்று அலைய வேண்டியிருந்தது; கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

நிலத்தைவிடத் தண்ணீர்க் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. ஹவாய் மக்கள் சேப்பங்கிழங்கைத் தங்கள் மூத்த அண்ணனாக நினைக்கிறவர்கள். பிறக்கும்போதே இறந்த குழந்தையைப் புதைத்த இடத்தில் அது முளைத்தது, அடுத்துப் பிறந்த தம்பிதான் மனிதகுலத்தின் மூதாதை என்பது அவர்கள் தொல்கதை. ஓடையிலிருந்து கால்வாய் வெட்டி, தண்ணீரை வயல் வயலாக ஓடவிட்டு, மீதியை மறுபடி ஓடைக்கே அனுப்புவார்கள். 1870-களிலிருந்து தோட்ட முதலாளிகள் மௌவி தீவின் மழைப்பக்க ஓடைகளை மடக்கி வறண்ட சமவெளிக் கரும்புக்குக் கொண்டுபோனார்கள். கீழே வயல்கள் காய்ந்தன, குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. மௌவியின் கடைசிக் கரும்பாலை 2016-ல்தான் மூடியது. தண்ணீரைத் திரும்பக் கேட்கும் வழக்குகள் அதற்குள் தலைமுறை கடந்துவிட்டன.

கே: ஹவாய் மொழி செத்துவிட்டதா?

ப: இல்லை, சாகடிக்கப் பார்த்தார்கள். 1834 முதல் 1948 வரை நூற்றுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் அம்மொழியில் வந்தன. 1896-ல் பள்ளியில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது; ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அம்மொழி பேசும் சிறார் 50 பேர்கூட இல்லை. அப்புறம் சில பெற்றோரும் ஆசிரியர்களும் 1984-ல் கவாய் தீவில் 'பூனானா லேயோ' மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள். பழைய தடை அப்போதும் சட்டத்தில் இருந்தது; 1986-ல்தான் நீங்கியது. இன்று பள்ளி முழுவதையும் ஹவாய் மொழியிலேயே படித்து முடிக்கலாம்.

கே: அமெரிக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?

ப: 1993-ல் கேட்டது. கவிழ்த்ததில் தனக்குப் பங்கு உண்டென்றும், 18 லட்சம் ஏக்கர் ஈடு தராமல் வந்ததென்றும் அந்தத் தீர்மானமே சொல்கிறது. நிலம் திரும்பவில்லை. ஹவாய் மக்களைக் குடியமர்த்த 1921-ல் ஒதுக்கிய சுமார் 2 லட்சம் ஏக்கரில் மனை பெற, உடம்பில் பாதி ஹவாய் ரத்தம் என்று நிரூபிக்க வேண்டும். குத்தகை ஆண்டுக்கு ஒரு டாலர்தான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் பட்டியலில் காத்திருக்கிறார்கள். காத்திருந்தே இறந்தவர்களும் உண்டு. தனி நாடு வேண்டும் என்போர், அமெரிக்காவுக்குள் தன்னாட்சி போதும் என்போர் என்று அவர்களுக்குள் பல கருத்துகள் இருக்கின்றன. அதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். பட்டியலில் உள்ளவர்களுக்கு மனை கொடுக்க அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.