மரவீட்டில் ஓர் இரவு – கடிதம்

அன்புள்ள சார்,

ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறேன். வடக்கு ஸ்வீடனில் ஹாராட்ஸ் கிராமத்துக் காட்டில், மரங்களின்மேல் கட்டிய மரவீட்டில் நீங்கள் தங்கியதைப் பற்றி ஒரு கட்டுரையில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கும் நெடுநாள் ஆசை. ஓர் இரவு வாடகையில் ஊருக்குப் போகும் டிக்கெட்டில் பாதி வந்துவிடும் என்கிறார் மனைவி. துருவ ஒளி தெரியாவிட்டால் போட்ட காசு வீண் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு வேறொரு உறுத்தல். காட்டைப் பார்க்க ஒரு கூடாரம் போதாதா? கதகதப்பான அறையில் உட்கார்ந்துகொண்டு காட்டைக் கண்ணாடி வழியே பார்ப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குதானே? போவதென்றால் டிசம்பர் சரியா?

ச.

அன்புள்ள ச,

போய் வாருங்கள். டிசம்பரில் வேண்டாம், மார்ச் கடைசியில் போங்கள். துருவ ஒளிக்காகப் போகாதீர்கள், மரங்களுக்காகப் போங்கள்.

ஹாராட்ஸ் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். மதியம் லூலியோவில் விமானம் இறங்கி, வண்டி பிடித்துச் சுமார் நூறு கிலோமீட்டர் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். மறுநாள் அறையைக் காலி செய்கிற நேரத்தில்தான் வெளிச்சம் வரும். காட்டுக்குள் தங்கியும் காட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். பனி அப்படியே கிடக்கும், அதன்மேல் நல்ல வெயிலும் அடிக்கும். இரவு, துருவ ஒளிக்கு வேண்டிய அளவுக்கு இருட்டாகவும் இருக்கும். சொல்லப்போனால் மார்ச், செப்டம்பரை ஒட்டிய வாரங்களில்தான் அது கொஞ்சம் அதிகமாகத் தலைகாட்டுகிறது.

அந்த ஒளியைப் பற்றி உங்கள் நண்பர்களிடம் ஒன்று சொல்லுங்கள். சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் நூறு கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜனில் மோதுவதால் வரும் பச்சை அது. கீழே மேகம் மூடியிருந்தால் எதுவும் தெரியாது. தெரிந்தாலும் பல இரவுகளில் கண்ணுக்குச் சாம்பல் நிறப் பட்டையாகத்தான் படும், பளீரென்ற பச்சை கேமராவில்தான் வரும். அதற்காக மட்டும் போகிறவர்கள் இரவு முழுக்க அது எப்போது தெரியும் என்று சொல்லும் செயலியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான்.

சரி, கூடாரமா மரவீடா என்ற கேள்விக்கு வருகிறேன். கூடாரம் நல்லதுதான். அந்த நாட்டில் யார் நிலமாக இருந்தாலும், வீடுகளிலிருந்து தள்ளி ஓர் இரவு கூடாரம் போட்டுக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோடையில் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மைனஸ் இருபதில், அதிலும் பழக்கமில்லாத நமக்கு, கூடாரத்தில் இருக்கும் நேரமெல்லாம் உடம்பைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும். கை விரல் மரத்துப்போனவனுக்குக் காடு கண்ணில் படாது. அறையின் கதகதப்பு என்னை ஒரே மரத்தை இரண்டு மணி நேரம் பார்க்க வைத்தது. அதைத்தான் அந்த இரண்டு வரியில் எழுதியிருந்தேன், இப்போது கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அங்கே பெரும்பாலான அறைகள் தரையிலிருந்து நான்கு முதல் ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நான் தங்கியது ஒரு சரிவில் இருக்கும் அறை. மரங்களுக்கு நடுவே போகும் ஒரு நீண்ட பலகைப் பாலத்தில் நடந்து போய் அதில் இறங்க வேண்டும். பெரிய ஜன்னலுக்கு வெளியே லூலே ஆற்றுப் பள்ளத்தாக்கு. எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் படமெடுப்பார்கள். என் கண் போனது பாலத்தை ஒட்டி நின்ற ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றின் கிளைகளுக்கு. கரிய முடிக்கற்றைகள் போல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருயிராக வாழ்வது. நாம் குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். இது நூல் நூலாக, ஒரு சாண் நீளத்துக்கு, காற்றில்லாதபோதும் லேசாக ஆடுவது போலத் தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்து, விரல் பட்டதும் ஒடிந்தது. தரையிலிருந்து அண்ணாந்து பார்த்திருந்தால் இருட்டான கிளை என்று நினைத்துக் கடந்துபோயிருப்பேன்.

ரெயின்டீர் மான்கள் குளிர்காலத்தில் பனியைக் குளம்பால் தோண்டித் தரையில் வளரும் லைக்கனைத் தின்றுதான் பிழைக்கின்றன. நடுக்குளிரில் திடீரென வெப்பம் ஏறி மழை பெய்து மறுபடி உறைந்தால், பனிக்கு மேல் ஐஸ் தகடு படிந்துவிடும். குளம்பால் உடைக்க முடியாது. அப்போது அவற்றுக்கு மிஞ்சுவது மரத்தில் தொங்கும் இந்த லைக்கன்தான். பருவநிலை மாறமாற இப்படிப்பட்ட குளிர்காலங்கள் கூடிவருகின்றன. ஆனால் மரத்து லைக்கன் இந்த அளவுக்கு நீண்டு தொங்க மரத்துக்கு நல்ல வயதாக வேண்டும். லூலியோவிலிருந்து போகும் வழியில் இரு பக்கமும் பாருங்கள்: ஒரே உயரம், ஒரே வயது, வரிசையாக நட்ட பைன்கள். மொத்தமாக வெட்டி மறுபடி நட்ட தோப்புகள். லைக்கன் பிடித்துத் தழைக்கும் முன்பே அடுத்த வெட்டு வந்துவிடும். ஸ்வீடனில் மான் மேய்க்கும் உரிமை, வடக்கின் பூர்வகுடிகளான ஸாமி மக்களுக்கு மட்டுமே உண்டு. மர நிறுவனங்களோடு அவர்களுக்கு நடக்கும் நெடுங்காலச் சண்டைக்கு ஒரு முக்கியக் காரணம், அந்தக் கிளையில் தொங்கியது போன்ற கறுப்பு நூல்தான்.

அதனால்தான் அந்த மரவீடுகளை வெறும் விளையாட்டு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஊர் அது. அங்கே பிரிட்டா, கென்ட் என்ற தம்பதி 2010இல் இதைத் தொடங்கினார்கள். காட்டை வெட்டாமலேயே காட்டால் பிழைக்க ஒரு வழி கண்டார்கள். செய்த விதத்திலும் அக்கறை தெரிகிறது. நான்கு மீட்டர் கண்ணாடிக் கனசதுரம் ஒன்று ஒரு பைன் மரத்தைச் சுற்றித் தொங்குகிறது. சுற்றியுள்ள காடே அதில் பிரதிபலிப்பதால் பறவைகள் மோதிவிடக் கூடாதென்று, அவற்றின் கண்ணுக்குத் தெரியும் புறஊதாப் படலத்தைக் கண்ணாடியில் சேர்த்திருக்கிறார்கள். 2022இல் வந்த அறையின் வெளிப்புறம் முழுக்க 350 பறவைக்கூடுகள். கழிவறை கழிவை எரித்துச் சாம்பலாக்கிவிடும். பல அறைகளில் தங்குகிறவர்கள் குளிக்க வேண்டுமென்றால் கீழே இறங்கிப் பனியில் நடந்து தனிக் கட்டடத்துக்குப் போக வேண்டும். உங்கள் மனைவியிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த நடை மிகவும் பிடித்திருந்தது.

வாடகை அதிகம்தான். அதை மறுக்க மாட்டேன். ஓர் இரவு மட்டும் மரவீட்டில் எடுங்கள். மறு இரவைக் கீழே ஊருக்குள் இருக்கும் சாதாரண விடுதியில் வைத்துக்கொண்டால் இரண்டு இரவும் மரவீட்டில் தங்குவதைவிடச் செலவு குறையும். அந்த இரண்டாவது பகலில் 97ஆம் எண் சாலையில் இன்னும் மேலே போனால், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் யோக்மோக் வரும். அங்கே அய்ட்டே என்ற ஸாமி அருங்காட்சியகம் இருக்கிறது. மான்களைப் பற்றி நான் மேலே சொன்னதையெல்லாம் அவர்களே சொல்லக் கேட்கலாம். கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.