சிக்கன் ஏன் தண்ணீர் விடுகிறது? சிச்சுவான் பாணி வதக்கல் பற்றி வாசகர் கேள்விகள்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்துப் பாணியில் காரமான சிக்கன் வதக்கல் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பிரச்சினையைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன: வாணலியில் ஈரம் தங்கிவிடுகிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தீயை முழுசாக வைத்துத்தான் வதக்குகிறேன். ஆனாலும் சிக்கன் தண்ணீர் விட்டு, சிவக்காமல் வெந்துபோய்விடுகிறது. அடுப்பு போதவில்லையா?

அடுப்பைக் குறை சொல்வதற்கு முன் வெட்டிய சிக்கனைத் தொட்டுப் பாருங்கள். கையில் ஈரம் ஒட்டினால் கோளாறு அங்கேதான். கறியின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அதன் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவந்து மணம் வர வேண்டுமானால் சுமார் 140 டிகிரியாவது வேண்டும். அதனால் மசாலா பிசிறுவதற்கு முன்பே துண்டுகளைச் சமையலறைக் காகிதத்தில் அழுத்தி ஒற்றி எடுத்துவிடுங்கள். கழுவவே வேண்டாம் என்பேன். கழுவினால் கிருமி போகாது. தெறிக்கும் துளியோடு சேர்ந்து தொட்டி, மேடை எல்லாம் பரவும். கிருமியைக் கொல்வது சூடு மட்டும்தான். கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் போதும்.

அடுத்தது அளவு. அரைக் கிலோவை ஒன்றாகக் கொட்டினால் எந்த வீட்டு அடுப்பும் திணறும். ஒரு ஈட்டுக்கு 250 கிராம் போதும். இரும்பு வாணலியைக் காலியாகவே வைத்துச் சூடேற்றுங்கள். லேசாகப் புகை எழும்போது எண்ணெய் விட்டுச் சுழற்றி, சிக்கனை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அப்புறம் முப்பது நொடி கரண்டியைத் தொடாதீர்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்: போட்ட உடனே கிளறுகிறார்கள், ஒட்டுகிறது, மேலே பிசிறிய மாவு (அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்) பிய்கிறது, தண்ணீர் விடுகிறது. அடிப்பக்கம் பொன்னிறமானால் துண்டு தானாகவே வாணலியை விட்டுக் கிளம்பும். அதன்பின் புரட்டி, முக்கால் வேக்காட்டில் தட்டுக்கு எடுத்துவிட்டு அடுத்த ஈட்டைப் போடுங்கள். தட்டில் இருக்கும் கறி கடைசியில் சாஸோடு சேரும்போது முழுசாக வெந்துவிடும்.

கேள்வி: உணவகத்தில் சாப்பிடும் சிக்கன் வழுவழுவென்று மெத்தென்று இருக்கிறதே, அது எப்படி?

சோள மாவுதான் (கார்ன்ஃப்ளார்) அதன் சூட்சுமம். 300 கிராம் எலும்பில்லாத தொடைக் கறிக்கு ஒரு தேக்கரண்டி லைட் சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி ஷாவ்ஷிங் அரிசி மது (இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்), இரண்டு தேக்கரண்டி சோள மாவு. திரவம் முழுவதும் கறிக்குள் இழுக்கும்வரை கையால் பிசிறி, கடைசியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு 20 நிமிடம் வையுங்கள். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் இன்னும் பிசிற வேண்டும் என்று அர்த்தம். சூடு பட்டதும் மாவு மெல்லிய உறையாகி, கறியின் சாறு வெளியே ஓடாமல் பிடித்துக்கொள்ளும். சாஸும் அந்த உறையில்தான் ஒட்டும்.

நெஞ்சுக் கறிதான் வேண்டும் என்றால் நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி சமையல் சோடா தூவிக் கால் மணி நேரம் வைக்கலாம். சோடாவின் காரத்தன்மையால் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) புரதம் இறுகாமல் இருக்கும். ஆனால் பிறகு அலசி, நன்றாக ஒற்றி எடுத்துவிட வேண்டும். அலசும்போது குழாயைத் திறந்துவிடாமல் கிண்ணத்துத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். இந்தக் கறிக்கு மட்டும்தான் தண்ணீர். சோடா கூடினால் சோப்பு வாடை வரும். எனக்குத் தொடைக் கறியும் சோள மாவுமே போதும்.

கேள்வி: காய்ந்த மிளகாய் போட்டதும் நெடி ஏறி வீடே இருமுகிறது. மிளகாயும் கருகிவிடுகிறது.

மிளகாய்க்கு அதிகத் தீ ஆகாது. சிக்கனை எடுத்த பிறகு வாணலியை அரை நிமிடம் இறக்கி வைத்துச் சூட்டைத் தணியுங்கள். மிளகாயை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாகக் கத்தரித்து விதையை உதறிவிடுங்கள். முதலில் கருகுவது விதைதான். காரத்தின் பெரும்பங்கு விதையில் இல்லை, அது ஒட்டியிருக்கும் வெளிர்நிறச் சவ்வில் இருக்கிறது. அதனால் விதையை எடுத்தால் காரம் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். மிதமான சூட்டு எண்ணெயில் சிறு தீயில் புரட்டினால் சிவப்பு மெல்ல அடர்ந்து அரக்கு நிறத்துக்கு வரும், வறுத்த வாசனை எழும். அந்த நொடியே பூண்டு, இஞ்சி, உடனே சிக்கன். ஒரு நிமிடம் தாமதித்தாலும் கசப்புதான்.

கேள்வி: சிச்சுவான் மிளகு கிடைக்கவில்லை. சாதாரண மிளகைப் போடலாமா?

போடாமல் விடுவது நல்லது. பெயரில்தான் மிளகு. அது எலுமிச்சை, நாரத்தை குடும்பத்துக் காயின் தோல். அதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், உதட்டில் தடவியவர்கள் உணர்ந்த துடிப்பு நொடிக்கு சுமார் 50 அதிர்வு என்று அளந்திருக்கிறார்கள். கறுப்பு மிளகுக்கு இந்த வேலை தெரியாது. கிடைத்தால் உள்ளே இருக்கும் கறுப்பு விதைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு (கடித்தால் மணல் போல நறநறக்கும்), தோலை மட்டும் வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, அப்போதைக்கு அப்போது பொடித்துக்கொள்ளுங்கள். பொடித்து வைத்தால் மணம் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: சோங்சிங் லாசிஜியில் (காய்ந்த மிளகாய்க் குவியலோடு வரும் சிக்கன் வறுவல்) சிக்கனைவிட மிளகாய்தான் அதிகம் தெரிகிறது. அத்தனையையும் சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். அந்த மிளகாய் மணத்துக்காக. குவியலுக்குள் சிக்கனைத் தேடிப் பொறுக்கி எடுத்துச் சாப்பிடுவதுதான் முறை. சிச்சுவானின் இன்னொரு புகழ்பெற்ற பண்டமான கோங்பாவ் சிக்கன் வேறு ரகம்: காரத்தோடு புளிப்பும் இனிப்பும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் சிச்சுவானை ஆண்ட ஆளுநர் டிங் பாவ்ஜெனின் பட்டப்பெயர் அதற்கு வந்தது. முதல் தடவை சமைப்பவர்கள் இதிலேயே தொடங்கலாம்.

கேள்வி: கோங்பாவ் சாஸுக்கு அளவு சொல்லுங்கள். எனக்கு நீர்த்தே போகிறது.

300 கிராம் கறிக்கு: கறுப்பு வினிகர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, லைட் சோயா இரண்டு தேக்கரண்டி, டார்க் சோயா அரைத் தேக்கரண்டி, சோள மாவு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி. லைட் சோயா உப்புக்கு, டார்க் சோயா நிறத்துக்கு. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்பே கலந்து வையுங்கள். ஊற்றும்போது மறுபடி கலக்குங்கள், மாவு அடியில் படிந்திருக்கும். நீர்த்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கொதித்துப் பளபளப்பானதும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கோங்பாவில் போடும் வேர்க்கடலை நமத்துப்போகிறது.

அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள்.

கேள்வி: என்னிடம் நான்ஸ்டிக் வாணலிதான் இருக்கிறது. இதில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதல் பதிலில் சொன்னபடி காலியாக வைத்துப் புகையும்வரை சூடேற்றாதீர்கள். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். எண்ணெய் விட்டே மிதமான தீயில் சூடாக்கி, ஈட்டை இன்னும் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்: 150 கிராம். சற்று நேரம் பிடிக்கும், ஆனால் சிக்கன் சிவக்கும்.