சமூகம் நிலைகுலைந்தபின் சூரிய மின்சாரம் இருந்தால், பென் டிரைவில் உள்ளவை பிழைக்குமா?

மின்சாரம் மட்டும் போதாது. பென் டிரைவ் என்பது, மின்கடத்தாப் படலத்தால் அடைக்கப்பட்ட நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைத் தேக்கி, அதன் அளவையே தகவலாகப் படிக்கும் கருவி. மண்பானைத் தண்ணீர் மெல்லக் கசிவதுபோல அந்த மின்னூட்டமும் கசிவதால், வெப்பமான அலமாரியில் பல்லாண்டு கிடந்து அழிந்த கோப்புகளை, பிறகு எத்தனை சூரியப் பலகைகளை மாட்டினாலும் மீட்க முடியாது.

ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் அருகே பார்பராஷ்டோலன் என்னும் பழைய சுரங்கத்தில், 1975 முதல், முக்கிய ஆவணங்களைச் சிறிதாக்கிப் படம்பிடித்த மைக்ரோஃபிலிம் சுருள்களை எஃகுப் பீப்பாய்களில் அடைத்து வைக்கிறார்கள். 500 ஆண்டுகள் தாங்கும் என்று கணிக்கப்படும் அவற்றைப் படிக்க வெளிச்சமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும்.

பென் டிரைவை அவ்வப்போது கணினியில் செருகினாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். பொதுவாக, கோப்புகளை மறுபடி எழுதினால்தான் மின்னூட்டம் புதுப்பிக்கப்படும்.